மூலமும் உரையும்: இயங்குதளம் ஒன்றை உள்ளிருந்து கற்றல்

தகடூர் என்னும் பழம்பெயர் தருமபுரிக்கு உரியது என்பதை இம்மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவையார் தங்கிப் பாடிய ஊர். அவ்வூரின்மேல் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்த வரலாற்றைப் பொருளாகக் கொண்டு எழுந்த நூல் தகடூர் யாத்திரை. அந்நூல் இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரும், தொல்காப்பியத்திற்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரும் தத்தம் தேவைக்காக எடுத்தாண்ட பாடல்கள் மட்டுமே எஞ்சின. மூலம் மறைந்தது, பிறர் படியெடுத்த பகுதி பிழைத்தது. தகடூர் மண்ணில் தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு இஃது ஆறாத மனக்குறை.

அக்குறையின் சிறு வடிவம் ஒன்று நம் துறையிலேயே நேர்ந்தது. 1990-களில் நம் துறை வெளியிட்ட மலர் ஒன்று டி.டி.பி. நிலையம் ஒன்றில் தட்டச்சு செய்யப்பெற்று அச்சாயிற்று. அச்சுப்படிகள் கைமாறிக் கைமாறித் தொலைந்துபோக, கோப்புகள் மட்டும் ஒரு குறுவட்டில் எஞ்சின. சில ஆண்டுகளுக்கு முன் பழைய கட்டுரை ஒன்றைத் தேடி அக்குறுவட்டைத் திறந்தோம். பக்க அமைப்புக் கோப்புகளை எந்தக் கணினியும் ஏற்கவில்லை. அவற்றைப் படிக்கவல்ல மென்பொருள் விற்பனையிலிருந்தே நீங்கிவிட்டது. அஃது எவ்வாறு இயற்றப்பட்டது என்பதை விற்றவர்கள் வெளியிட்டதும் இல்லை. உடனிருந்த வெறும் உரைக்கோப்புகள் திறந்தன. ஆயின் திரையில் தோன்றியவை தமிழ் எழுத்துகள் அல்ல, ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல். அக்கட்டுரைகளுள் ஒன்று சீறாப்புராணம் பற்றி நம் ஆசிரியர் ஒருவர் எழுதியது. அவர் இன்று நம்மிடையே இல்லை.

கணினியின் உள்ளே நிகழ்வது யாது என அறியும் விருப்பம் நமக்கு அதன்பின்னரே எழுந்தது. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்டனர். கற்கத் தொடங்கியபின், இதற்குரிய முறை தமிழாசிரியனுக்குப் பழக்கமான முறையே என்பது விளங்கிற்று. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூலம் என்பது யாது?

கணினிக்கு எண்களன்றி வேறொன்றும் தெரியாது. அவ்வெண்களைக் கையால் எழுதுவது மனிதருக்கு அரிது. ஆகலின் மனிதர் படிக்கத்தக்க ஒரு நிரல்மொழியில் கட்டளைகளை எழுதி, அதனைப் பிறிதொரு நிரலால் எண்களாகப் பெயர்க்கின்றனர். மனிதர் எழுதிய வடிவே மூலநிரல். கடையில் விற்கப்பெறும் மென்பொருள்கள் பெரும்பாலும் எண் வடிவிலேயே நம் கைக்கு வருகின்றன. மூலம் ஆக்கியோரிடமே தங்கிவிடும். இயங்கும், ஆனால் படிக்க இயலாது.

இதற்கு மாறாக மூலத்தையும் சேர்த்தே தருவது திறந்த மூல மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் பொது உரிமம் என்னும் ஒப்பந்த வடிவை வகுத்தார். ஒரு மென்பொருளைப் பெற்றவர் அதன் மூலத்தையும் பெறுவதற்கு உரியவர். படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் வழங்கும்போது அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் அளித்தல் வேண்டும். நம் சமுதாயப் பெரியோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். வக்ஃபு செய்த சொத்து ஒருவரின் தனியுடைமையாக மீள்வதில்லை அன்றோ? ஏறத்தாழ அவ்வகைப்பட்டது இவ்வுரிமம். முற்றும் ஒன்றெனக் கூறோம். வக்ஃபுச் சொத்தை விற்றல் ஆகாது, இம்மென்பொருளையோ விலைக்கும் விற்கலாம். பெற்றவரின் உரிமையைப் பறிக்க இயலாது என்ற அளவில்தான் ஒப்புமை.

லினக்ஸ் என வழங்கும் இயங்குதளம் இவ்வகையைச் சார்ந்தது. இயங்குதளமாவது, கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆளும் நிரல். 2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது. பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007 முதல் வெளிவருவது. நம் மாணவர் பலர் அப்பகுதியைத் திறந்தும் பார்த்ததில்லை. திரைப்படங்களுக்கு இடம் வேண்டி அழித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. படிக்கத்தக்க மூலம் ஒன்று தம் கையில் இருந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் எவர்? நாமும் சொல்லவில்லை.

ஓர் உரையாசிரியர்

நம் கல்வி மரபில் நூலைத் தனியே படிக்கும் வழக்கம் இல்லை. மூலமும் உரையும் சேர்ந்தே நூல். இளம்பூரணரும் பேராசிரியரும் இன்றித் தொல்காப்பியத்தைக் கற்பவர் யார்? அறபு மதரஸாக்களிலும் இதே நெறிதான். மத்ன் என்பது மூலம். ஷரஹ் என்பது அதன் உரை. ஹாஷியா என்பது ஓரத்தில் எழுதிய குறிப்பு. இயங்குதள உலகிலும் இவ்வாறான ஓர் உரைநூல் உண்டு என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கி ஆக்கிய இயங்குதளம் யுனிக்ஸ். அதன் ஆறாம் பதிப்பு 1975-இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த ஜான் லயன்ஸ், அப்பதிப்பின் மையப் பகுதியைத் தம் மாணவர்க்குப் பாடமாக வைக்க விரும்பினார். ஏறத்தாழ 9,000 வரிகள். அவற்றுக்கு வரியெண் இட்டு ஒரு தொகுதியாகவும், தம் விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் அமைத்தார். மூலத்தை ஒரு பக்கத்திலும் உரையை ஒரு பக்கத்திலும் விரித்து வைத்துக்கொண்டு மாணவர் படித்தனர். நம் வகுப்பறையில் நிகழ்வதும் அதுவே.

ஆனால் 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலத்தை வகுப்பில் பாடமாக நடத்தலாகாது என்னும் விதி உரிமத்தில் சேர்ந்தது. லயன்சின் உரையோ ஒளிநகலாகவும், ஒளிநகலின் ஒளிநகலாகவும் பல நாடுகளுக்குப் பரவியது. முறைப்படி நூலாக அச்சேறியது 1996-இல்தான். 1998-இல் அவர் மறைந்தார். ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுத்த நம் முன்னோரை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842-இல் அச்சேற்றும் வரையில் ஏடுகளில்தானே வாழ்ந்தது?

அவ்விதியால் நேர்ந்த மற்றொரு விளைவும் உண்டு. யுனிக்ஸைக் கற்பிக்க வழியில்லாது போகவே, நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தைத் தாமே எழுதி, மூலத்துடன் 1987-இல் பாடநூலாக வெளியிட்டார். அப்பாடநூலைக் கற்ற ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் தாமாக ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ். அதன் முதல் வடிவம் ஏறத்தாழ 10,000 வரிகள். 1992-இல் முற்கூறிய பொது உரிமத்தின்கீழ் வந்தது. இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. அவற்றுள் பெரும்பகுதி பல்லாயிரம் வகைக் கருவிகளை இயக்குவதற்கான பகுதிகளே. அடிப்படை அமைப்பு சிறிதே.

லயன்ஸ் உரை வகுத்த மூலத்தில் 2238-ஆம் வரியில் ஒரு குறிப்பு புகழ்பெற்றது. இவ்விடம் உமக்கு விளங்கும் என எதிர்பார்க்கவில்லை என்னும் பொருளுடையது அது. ஒரு நிரலின் ஓட்டத்தை நிறுத்தி மற்றொன்றுக்கு மாறும் நுட்பமான இடம். செருக்காகச் சொன்னதாகப் பலர் கருதினர். தேர்வில் இவ்விடம் வாராது என்பது போன்ற எண்ணத்தில் எழுதியதே அது என்றும், உண்மையில் அங்கு நிகழ்வதைத் தாமே முழுமையாக உணர்ந்திருக்கவில்லை என்றும் ரிட்சி பின்னாளில் ஒப்புக்கொண்டார். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் விளங்காத இடத்தை விளங்கவில்லை என்றே குறித்துச் சென்ற நேர்மையை நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. இவ்விடத்தில் அவ்விருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

ஓடும் பருப்பும்

இயங்குதளத்தின் மையப்பகுதிக்கு கெர்னல் என்று பெயர். அச்சொல்லுக்குக் கொட்டையின் உள்ளிருக்கும் பருப்பு என்பது பொருள். நாம் கட்டளைகளைத் தட்டச்சிடும் வெளிப்பகுதிக்கு ஷெல், அதாவது ஓடு என்று பெயர். மாம்பழத்துக்குப் பேர்பெற்ற இவ்வட்டாரத்து மாணவர்க்கு மாங்கொட்டையைக் காட்டினால் போதும். ஓடும் பருப்பும் விளங்கிவிடும்.

பருப்பைத் தொட எந்த நிரலுக்கும் நேரடி உரிமை இல்லை. சில நூலகங்களில் வாசகர் அடுக்கறைக்குள் நுழைய இயலாது. சீட்டில் நூற்பெயரை எழுதிக் கொடுத்தால் நூலகர் எடுத்துவந்து தருவார். அதுபோல, ஒரு நிரலுக்குக் கோப்பைத் திறக்கவோ, திரையில் எழுதவோ, நினைவகத்தில் இடம் பெறவோ வேண்டுமாயின் கெர்னலிடம் வேண்டுகோள் விடுத்தல் வேண்டும். கெர்னல் அவ்வேண்டுகோளுக்கு உரிமை உண்டா என ஆராய்ந்து, உண்டெனில் செய்து முடித்து, விடையைத் தரும். இல்லையெனில் மறுக்கும். இதற்கு அமைப்பு அழைப்பு என்று பெயர். எஸ்ட்ரேஸ் என்னும் கட்டளையால் எந்த நிரலின் வேண்டுகோள்களையும் வரிசையாகக் கண்டு படிக்கலாம். கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் மிக எளிய நிரலும் பல பத்து வேண்டுகோள்களை விடுப்பதைக் கண்டு நம் மாணவர் மலைத்தனர்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குச் செயல் என்று பெயர். கணினி எழுந்தவுடன் கெர்னல் ஒன்று என்னும் எண்ணுடைய முதற்செயலைத் தொடங்கிவைக்கிறது. நாம் இயக்கும் ஏனைய நிரல்கள் யாவும் அதன் வழித்தோன்றல்கள். ஒரு செயல் பிள்ளை பெறும் முறை விந்தையானது. ஃபோர்க் என்னும் அழைப்பை விடுத்தால், அச்செயலின் அச்செடுத்தாற்போன்ற படி ஒன்று உருவாகிறது. அழைப்பு ஒருமுறை, விடையோ இருமுறை. தாய்க்குப் பிள்ளையின் எண் விடையாக வரும். பிள்ளைக்குச் சுழியம் விடையாக வரும். தான் தாயா பிள்ளையா என்பதை அவ்விடையைக் கொண்டே ஒவ்வொன்றும் உணர்கிறது. பின்னர்ப் பிள்ளை, எக்செக் என்னும் மற்றோர் அழைப்பால் தன் உள்ளீட்டை உதறிவிட்டுப் புதிய நிரலை ஏற்றுக்கொள்கிறது. ஷெல்லில் நாம் ஒரு கட்டளை இடும்போது நிகழ்வது இதுவே.

தாய்ச்செயல் முன்னதாக முடிந்துவிட்டால் பிள்ளைச்செயல் அநாதை எனப்படும். அநாதைகளை இயல்பாக முதற்செயலே தத்தெடுத்துக்கொள்ளும். எதீம்களைப் பேணும் கடமையைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த நம் மாணவர் ஒருவர் இவ்விதியைப் படித்துவிட்டுப் புன்னகைத்தது நினைவிருக்கிறது.

இத்தனை செயல்களுக்கும் இருப்பவை சில செயலகங்களே. கடிகாரக் குறிப்பு ஒன்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கெர்னலை விழிப்பிக்கிறது. தேவையெனில் ஓடும் செயலை நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துவைத்து, அடுத்ததற்கு முறை தருகிறது கெர்னல். முற்கூறிய 2238-ஆம் வரி இவ்வேலையைச் செய்யும் பகுதியில்தான் உள்ளது. நினைவகப் பங்கீடு தனிக்கட்டுரைக்கு உரியது. ஒவ்வொரு செயலும் நினைவகம் முழுவதும் தனக்கே உரியதென எண்ணுமாறு கெர்னல் ஒரு திரை இடுகிறது என்ற அளவில் இங்கு நிறுத்துவோம்.

‘கொ’ என்னும் எழுத்தின் பயணம்

தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வையும் ‘ஒ’வையும் அடுத்தடுத்து அழுத்தினால் ‘கொ’ தோன்றும். அதற்குள் நிகழ்வன பல.

விசையை அழுத்தியவுடன் விசைப்பலகை செயலகத்தை இடைமறிக்கிறது. கெர்னல் ஓடும் வேலையை நிறுத்தி, வந்த குறிப்பைப் பெறுகிறது. அக்குறிப்பு எழுத்தன்று, எத்தனையாவது விசை என்னும் எண். ‘க’ அமைந்த விசைக்கு லினக்ஸ் இடும் எண் 35. ‘ஒ’ அமைந்த விசைக்கு 46. கெர்னல் இவ்வெண்களை ஒரு கோப்பின் வழியே மேலே அனுப்புவதோடு தன் பணியை முடித்துக்கொள்கிறது. விசைப்பலகையும் ஒரு கோப்பே. இவ்வமைப்பில் ஏறத்தாழ எல்லாமே கோப்புகளாகத் தோற்றமளிக்கின்றன. கெர்னலுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது.

மேலே உள்ள உள்ளீட்டு நிரல் ஓர் அட்டவணையைப் பார்த்து, 35 எனில் ‘க’, அதன்பின் 46 எனில் ஒகர உயிர்க்குறி என முடிவு செய்கிறது. அவ்வட்டவணை வெறும் உரைக்கோப்பு. எவரும் திறந்து படிக்கலாம், திருத்தியும் கொள்ளலாம். முடிவாகக் கிடைப்பவை யூனிகோடு எண்கள்: ‘க’வுக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018.

இங்கே ஒரு தமிழ் நுட்பம் உள்ளது. ‘கொ’ என்பதை நாம் எழுதும்போது கொம்பை முதலிலும், ககரத்தை நடுவிலும், காலை இறுதியிலும் இடுகிறோம். யூனிகோடோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் அமையும் என்று தொல்காப்பியர் கூறிய ஒலிமுறை இதுவே. ஆக, சேமிப்பில் தொல்காப்பிய முறை. காட்சியில் கைப்பழக்க முறை. இரண்டையும் இணைக்க இடையே ஒருவர் தேவை.

அப்பணியைச் செய்வது ஹர்ஃப்பஸ் என்னும் திறந்த மூல நிரல். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் இதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். எழுத்தைக் குறிக்கும் ‘ஹர்ஃப்’ என்னும் அறபுச் சொல்லையும், திறந்தது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லையும் இணைத்து வைத்த பெயர் அது. மதரஸாவில் அலிஃப், பே ஓதும் சிறாருக்கும் ஹர்ஃப் தெரியும். ஒரே அறபு எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவும், இடையில் ஒரு வடிவும், கடையில் ஒரு வடிவும் கொள்வதை அவர்கள் கண்டிருப்பர். அவ்வடிவங்களைத் தேர்ந்து தருவதும், தமிழில் கொம்பை முன்னே நகர்த்துவதும் இவ்வொரே நிரலின் பணிகள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஓபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை இதனைக் கையாள்கின்றன. நம் இல்லங்கள் பலவற்றில் உருதுவும் தமிழும் ஒரே கைப்பேசியில் எழுதப்படுகின்றன. இரண்டையும் ஒழுங்குற நிறுத்துவது பல வேளைகளில் ஒரே கைதான்.

இது தானாக அமைந்ததன்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸில் கொம்பு ககரத்துக்குப் பின்னே விழுந்து, புள்ளிவட்டம் ஒன்று உடன் தோன்றுவதை அக்காலத்தில் பயன்படுத்தியோர் கண்டிருப்பர். மூலம் திறந்திருந்தமையால், தமிழறிந்தோர் பிழையைச் சுட்டவும் திருத்தவும் இயன்றது.

தகடூருக்கு எத்தனை எழுத்து?

இவ்வினாவை நாம் வகுப்பில் கேட்பது வழக்கம். த, க, டூ, ர் என நான்கு என்பர் தமிழ் மாணவர். இலக்கணப்படி அதுவே சரி. லினக்ஸில் டபிள்யூசி என்றொரு எண்ணும் கட்டளை உண்டு. வரிமுடிவுக் குறியை நீக்கி, குறியீடுகளை எண்ணுமாறு அதனைக் கேட்டால் ஆறு என்கிறது. உகர நெடிற்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பைட்டுகளை எண்ணுமாறு கேட்டால் பதினெட்டு என்கிறது. ஒரு பைட்டு 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகப் பிரித்து எழுதப்படுகிறது. ‘அ’ என்பதன் எண் 2949. அது 224, 174, 133 என்னும் மூன்றாகச் சேமிக்கப்படும். இவ்வாறு பிரிக்கும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் வகுத்தவர்கள் ராப் பைக்கும், யுனிக்ஸை ஆக்கிய அதே கென் தாம்சனும் ஆவர். நியூஜெர்சியின் உணவகம் ஒன்றில் இரவு உணவின்போது மேசைவிரிப்புத் தாளில் எழுதியது என்பர்.

அதன் பயன் பெரிது. கோப்பின் பெயரில் சாய்கோடும் சுழியமும் தவிர வேறெந்தப் பைட்டு வந்தாலும் கெர்னல் பொருட்படுத்துவதில்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் எந்தப் பகுதியும் அவ்விரண்டோடு மோதாது. ஆகலின் கெர்னலுக்குத் தமிழ் கற்பிக்காமலேயே ‘தகடூர்’ எனக் கோப்புக்குப் பெயரிட முடிகிறது. ஒரு குறை உண்டு. லினக்ஸில் பெருவழக்கான கோப்பு முறைமையில் பெயரின் நீளம் 255 பைட்டுகளுக்கு மிகலாகாது. ஆங்கிலத்தில் 255 எழுத்துகளுக்கு இடம் கிடைக்க, தமிழில் 85 குறியீடுகளுக்கே இடமுண்டு. நீண்ட தலைப்புகளைக் கோப்புப் பெயராக இடும் நம் ஆய்வு மாணவர் இதனை நினைவிற்கொள்க.

கற்ற முறை

மூன்று கோடி வரிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திருக்குறளைக் கற்கத் தொடங்கும் மாணவனிடம் தமிழ் இலக்கியம் முழுவதையும் கொடுப்பார் உண்டோ? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2006-இல், லயன்ஸ் உரை வகுத்த ஆறாம் பதிப்பைத் தழுவி, இக்காலக் கணினிக்கு ஏற்ப எக்ஸ்வி6 என்னும் சிறு இயங்குதளத்தை எழுதினர். அதற்கு விளக்கநூலும் உண்டு. இரண்டும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களிலும் இதைக்கொண்டு பாடம் நடத்தியுள்ளனர். கட்டளைகளைத் தமிழில் பழக விரும்புவோர்க்குக் கணியம் வெளியீடாக வந்த து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ நூல்வரிசை உதவும். கணியம் இதழ் 2012-இல் தொடங்கியது.

நம் கல்லூரியில் தமிழ், கணினி அறிவியல் துறைகளின் மாணவர் சிலர் சனிக்கிழமைகளில் கூடினர். பழைய மடிக்கணினி ஒன்றில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில் ப்ராக் என்றோர் அடைவு உண்டு. கெர்னல் தன் நிலையைத் தானே எழுதிக்காட்டும் இடம் அது. அதனுள் இன்டரப்ட்ஸ் என்னும் கோப்பில் விசைப்பலகைக்குரிய வரியைப் பார்த்து, ஒரு விசையை அழுத்திவிட்டு, மீண்டும் பார்க்கச் சொன்னோம். எண் கூடியிருந்தது. அழுத்துகையில் ஒருமுறை, விடுகையில் ஒருமுறை. கணினியின் நாடியைத் தொட்டது போலிருந்தது என்றார் ஒரு மாணவி. பின்னர் எக்ஸ்வி6 மூலத்தை அச்செடுத்து, ஒருவர் வரியைப் படிக்க மற்றவர் உரை சொல்ல, நன்னூல் பாடம் போலவே நடத்தினோம். கணினித் துறை மாணவர் பொருள் கூறினர். எச்சொல் எதனைத் தழுவி நிற்கிறது என்று தொடர்பிரித்துக் காட்டுவதில் தமிழ் மாணவர் பின்தங்கவில்லை. ஃபோர்க் வரையில் மூன்று மாதங்கள் ஆயின. விரைவு என்று சொல்வதற்கில்லை.

பைட்டு என்பது விளங்கியபின் பழைய குறுவட்டுக்குத் திரும்பினோம். அக்கால எழுத்துரு ஒவ்வோர் எழுத்து வடிவுக்கும் 0 முதல் 255 வரை தனக்கென ஓர் எண்ணை வைத்திருந்தது. அவ்வட்டவணை எங்கும் கிடைக்கவில்லை. நற்பேறாக அம்மலரின் கிழிந்த பக்கம் ஒன்று முன்னாள் மாணவர் ஒருவரின் இல்லத்தில் அகப்பட்டது. அச்சிட்ட பக்கத்தையும் கோப்பின் எண்களையும் அருகருகே வைத்து, இவ்வெண் இவ்வெழுத்து என ஒவ்வொன்றாகக் கண்டறிந்து அட்டவணை வகுத்தனர் மாணவர். பின் சிறு நிரல் ஒன்றை எழுதினர்.

முதல் ஓட்டத்தில் கொம்புகள் எல்லாம் இடம்மாறி விழுந்தன. பழைய எழுத்துரு எழுதும் முறைப்படி கொம்பை முன்வைத்திருந்தது. யூனிகோடோ ஒலிமுறைப்படி பின்வைப்பது. அதனைத் திருத்தியதும் அடுத்த சிக்கல். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண். ‘மௌலவி’ என்பது ‘மெளலவி’ என வந்தது. கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாற்றுமாறு நிரலைத் திருத்தினால், ‘தெளிவு’ம் ‘வெளி’யும் சிதைந்தன. இயந்திரத்தால் தீர்க்கும் வழி காணாமல், அவ்விடங்களை ஒவ்வொன்றாகப் படித்தே திருத்தினோம். ஏட்டுச்சுவடியில் புள்ளியில்லா எழுத்தை இடம்நோக்கிப் படித்த பதிப்பாசிரியர்களின் வேலை என்ன என்பது அந்த நாள்களில்தான் நமக்கு நன்கு விளங்கியது.

சீறாப்புராணக் கட்டுரை முழுவதும் கிடைத்துவிட்டது. குறுவட்டில் ஏற்பட்ட கீறல்களால் பதினோரிடங்களில் மட்டும் சொற்கள் விளங்கவில்லை. ஊகித்து நிரப்ப மனம் ஒப்பவில்லை. அவ்விடங்களில் புள்ளியிட்டு, அக்கட்டுரையை இம்மலரிலேயே வேறொரு பக்கத்தில் அச்சிட்டுள்ளோம். பழைய அச்சுப்படி எவரிடமேனும் இருப்பின் துறைக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.